ஏழு கத்திப் பாவாடை

எழுபதை ஏழால் வகுத்தால் பத்து. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததே அன்று எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் அக்காவின் இடுப்பு எழுபது சென்ரிமீற்றர். பாவாடைக்கு ஏழு துண்டுகள். ஆக ஒரு துண்டின் உச்சி பத்து சென்ரிமீற்றர், மடிப்பு வைக்க நாலு கூட்டினால் பதினாலு. சிட்னியின் கிரவீனில் எங்கள் வாடகை வீட்டு ஹோலில் முழங்காலில் இருந்து, மண்ணிறக் கடதாசியில் முதல் கோட்டைக் கீறினேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்த கேத்திரகணிதம் முதல்முறையாக ஓர் ஆளின் இடுப்பில் ஏறி நிற்கப் போகிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வரும். அதுவும் நான் பழக்கியது. அம்மா எழுத்துப் பக்கம் வந்ததேயில்லை. அதனால் சிட்னிக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லாப் படிவங்களையும் நான்தான் நிரப்பினேன். வாடகைப் பத்திரம், அப்பாவின் வேலைப் பத்திரம், பக்கத்து வீட்டு அன்ரியின் விசாப் பத்திரம்கூட என்னிடம்தான் வரும். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடமாட்டேன். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

2012இல் நான் தொழில்நுட்பக் கல்லூரியில் உடுப்பு வடிவமைப்பு இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாடத்துக்கு ரீச்சர் ஒரு வேலை தந்தார். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் அங்கே உருமாறிய பாவாடை ஒன்றைத் தெரிவுசெய்து, அளவெடுத்து, வெட்டித் தைக்க வேண்டும். அதை உண்மையான ஓர் ஆள் உண்மையான ஒரு காரியத்துக்கு உடுத்த வேண்டும். ரீச்சர் அங்கேயே வந்து பார்த்துப் புள்ளி போடுவார். தவறினால் பாடத்தை அடுத்த வருடம் திரும்ப எடுக்க வேண்டும். டிப்ளோமாவும் ஒரு வருடம் தள்ளிப் போகும்.

உதாரணம் காட்ட ரீச்சர் அலுமாரியிலிருந்து ஒரு ஸ்பானிய நடனப் பாவாடையை எடுத்து மேசையில் விரித்தார். அடியில் அடுக்கடுக்காகச் சுருக்கு, பின்னால் மயில் தோகைபோல ஒரு வால். ஆடும்போது அந்த வாலைக் காலால் உதைத்துத் திருப்ப வேண்டுமாம். பழைய ஸ்பெயினில் பெண்கள் உடுத்த நீளப் பாவாடைக்கு ஸாயா என்று பெயர் என்றும், அது கப்பலேறிப் பிலிப்பைன்ஸ் வரைக்கும் போனது என்றும் சொன்னார். எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. அந்தச் சொல்லை இரண்டு நாள் முன்புதான் கேட்டிருந்தேன், அதுவும் அழுக்குப் போர்வைக் குவியலுக்குப் பக்கத்தில்.

சனி ஞாயிறுகளில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்தேன். அங்கே என்னோடு போர்வை மடித்தவர்தான் பிலிப்பைன்ஸ் அக்கா. நாற்பது வயது இருக்கும், என் தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்பார். தங்கள் தேவாலயத்துத் திருவிழாவில் தனியாக ஆடப் போகிறேன், பழைய ஸாயா இப்போது இடுப்பில் ஏறவில்லை என்று சொல்லிச் சிரித்திருந்தார். கல்லூரி விட்டதும் நேரே அவரைத் தேடிப் போனேன். உங்களுக்கு நான் தைத்துத் தருகிறேன் என்றேன். அவர் கையிலிருந்த துவாயைக் கீழே வைத்துவிட்டு, போர்வையொன்றை இடுப்பில் பிடித்து, அந்த அறைக்குள்ளேயே பாவாடை எப்படி விழ வேண்டும் என்று காட்டினார். நல்ல ஸாயாவுக்கு ஏழு துண்டு. மேலே ஒடுங்கி, கீழே அகன்று, ஒவ்வொன்றும் கத்தி அலகுபோல இருக்கும்; அதனால் அதை ஏழு கத்தி என்பார்கள். அடி விளிம்பு நிலத்தை முத்தமிட்டும் முத்தமிடாமலும் போக வேண்டும். ஆடுபவள் இரண்டு விரலால் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குவாள். தூக்கும்போது மட்டும்தான் கால் தெரியும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் முழு ஆட்டமும் என்றார்.

அதற்கு மேலே ஒரு கறுப்புத் துண்டு. இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுற்றிக் கட்டுவது. அந்நியப் பாவாடையின் மேல் அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் பழைய உடையை விடாமல் கட்டிக்கொண்டார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு அந்தப் பெண்களைப் பிடித்துப்போனது.

அளவெடுக்க அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் எங்கள் செருப்பு வரிசையைப் பார்த்ததும் தன் வேலைச் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அம்மாவுக்கு அதிலேயே அவரைப் பிடித்துவிட்டது. அம்மாவிடம் ஆங்கிலம் இல்லை, அக்காவிடம் தமிழ் இல்லை.

"தேத்தண்ணி போடுறன். குசினிக்குள்ள வரச் சொல்லு பிள்ளை" என்றார் அம்மா.

அக்கா திரும்பிப் பார்த்தார். குஸினா என்றா சொன்னீர்கள் என்று கேட்டார். அவர்கள் மொழியிலும் அடுப்படிக்கு அதுதான் பெயராம். அம்மா கெட்டிலை வைத்துவிட்டு மேசையைத் தட்டினார். "மேசை?" அக்கா, "மேஸா" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரையும் பிடிக்க முடியவில்லை. அம்மா கதிரையைக் காட்டினார், சரிவரவில்லை. அலுமாரியும் சரிவரவில்லை. தாயக்கட்டையில் தாயம் விழாத முகத்தோடு அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்து, கடைசியில் வாசலுக்குப் போய், வெளியே கிடந்த வேலைச் சப்பாத்தைக் காட்டி, "சப்பாத்து" என்றார். அக்கா இரண்டு கையையும் தூக்கி, "ஸபாத்தோஸ்" என்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் பக்கம் போர்த்துக்கீசர் விட்டுப்போனதும் அவர்கள் பக்கம் ஸ்பானியர் விட்டுப்போனதும் எங்கள் வீட்டு வாசலில் சந்திக்கின்றன என்று நான் விளக்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. ஸாயாவையும் சொன்னேன். அதற்கு அம்மா, சிங்களப் பெண்கள் பாவாடைக்கு அதைத்தானே சொல்லுறவை, இதைக் கண்டுபிடிக்கவோ கல்லூரிக்குப் போனனீ என்று கேட்டார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதுதான் நான் அளவுப் படிவத்தை நிரப்பினேன். இடுப்பு எழுபது. தொடைக்கு மேலே எண்பத்தாறு. இடுப்பிலிருந்து நிலம் வரை தொண்ணூற்றொன்று. கடைசிக் கட்டம், காலணியின் உயரம். அக்காவின் கால்களைப் பார்த்தேன். வெறுங்கால். பூச்சியம் என்று வடிவாக எழுதினேன். ஒரு கட்டமும் வெறுமை இல்லை.

துணி கப்ரமட்டாவில் வாங்கினோம். கடும் சிவப்பு, சாய்த்துப் பார்த்தால் கொஞ்சம் கறுக்கும் வழுவழுப்பான சற்றின். அம்மா மூன்று கடைகளில் துணியைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார், அது எங்கே கசங்காமல் எழும்புகிறது என்று. கிரவீனிலும் வென்ட்வேர்த்வில்லிலும் அம்மா தைத்த உள்பாவாடை இல்லாத வீடு குறைவு. சேலைக்கு உள்ளே கட்டும் அந்த ஆறு துண்டுப் பாவாடையை அளவுநாடா இல்லாமல், ஆளைப் பார்த்தே வெட்டுவார். நான் கடதாசியில் கோடு கீறுவதைப் பார்த்துவிட்டு, ஆறு துண்டுக்கு மேலே ஏழாவது ஒன்றுக்கு இவ்வளவு ஆரவாரமோ என்றார். ஆனால் அன்று முழுவதும் என் பக்கத்திலிருந்து எழும்பவேயில்லை.

நான் வெட்டினேன். ஏழு கத்திகளையும் தலைமாறித் தலைமாறி அடுக்கி, துணியில் வீண் போகாமல் வெட்டியதில் மிச்சம் வந்தது ஒல்லி ஒல்லியான முக்கோணங்கள் மட்டும். அதைப் படமெடுத்து வகுப்பில் காட்டினேன். அடி மடிப்புக்கு இரண்டே சென்ரிமீற்றர் விட்டேன். கல்லூரி முறை அதுதான். முதல் தடவை போட்டுப் பார்க்க அக்கா வந்தபோது, வெறுங்காலோடு ஹோலில் ஒரு சுற்றுச் சுற்றினார். பாவாடை குடைபோல எழும்பி, ஒரு மூச்சு நேரம் நின்று, இறங்கியது. அடி விளிம்பு நிலத்துக்கு மேலே ஒரு விரல் நகம் அளவு. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சரியான ஒன்றை நான் செய்ததில்லை.

திருவிழா சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு பிளாக்டவுனில் மண்டபம். காலை பத்து மணிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார், இங்கிருந்தே உடுத்துக்கொண்டு எல்லோருமாகப் போவதாக ஏற்பாடு. மணிலாவிலிருந்து வந்த, வண்டிச் சில்லு மாதிரி விரிந்த கையுள்ள மேற்சட்டையைப் போட்டார். நான் ஸாயாவின் கொக்கியை மாட்டினேன். கறுப்புத் துண்டைக் கட்டினேன். பிறகு அவர் தன் பையிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு பொதியை எடுத்து, அம்மாவைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல, "ஸபாத்தோஸ்" என்றார்.

அம்மா ஓடிப்போய்ப் பழைய பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து நிலத்தில் விரித்தார். அக்கா துவாயைப் பிரித்தார். கறுப்பு நடனச் சப்பாத்து. குதி ஏழரை சென்ரிமீற்றர்.

அவர் ஏறி நின்றார். பாவாடையும் அவரோடு ஏறியது. இரண்டு குதியும், சப்பாத்தும் முழுதாக வெளியே நின்றன. அவர் இரண்டு விரலால் பாவாடையின் ஓரத்தைத் தூக்கப் போய், தூக்கிக் காட்ட ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டார்.

வேலையிடத்தில் நான் அவரைத் தட்டைச் சப்பாத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் அவர் வெறுங்காலோடுதான் நின்றார். அந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு யாருமே நின்றதில்லை; அப்படி ஒரு ஆளை என் மூளையால் நினைத்துப் பார்க்கவே முடிந்திருக்கவில்லை. குதி இல்லாமல் ஆடலாமா என்று கேட்டேன். தனது உயரத்துக்குக் குதி இல்லாமல் மேடையில் நின்றால் சின்னப் பிள்ளைபோலத் தெரியும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அவர் என்னைக் குற்றம் சொல்லாததுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"எவ்வளவு குறையுது?" என்றார் அம்மா.

"ஏழரை."

"சனிக்கிழமையில ஏழரை. வேற என்ன வேணும்" என்றார் அம்மா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடியில் ஒரு கரை வைத்துத் தைப்போம், என்னிடம் சேலைக் கரை இருக்கு என்றார் அம்மா. நான் அடி விளிம்பைப் பார்த்தேன். நாலரை மீற்றர் சுற்று. அங்கே ஒட்டு விழுந்தால் ஏழு கத்திகளின் நுனியும் முறிந்துபோகும், ரீச்சர் கதவடியிலிருந்தே கண்டுவிடுவார். அதே துணியில் மிச்சம் என்னிடம் முக்கோணங்கள்தான். படமெடுத்து வகுப்பில் பீற்றிக்கொண்ட முக்கோணங்கள்.

அக்கா கறுப்புத் துண்டை அவிழ்க்கத் தொடங்கினார். அது பாதி இறங்கியபோது எனக்குத் தலையில் அடித்ததுபோல விளங்கியது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை பாவாடையை யாருமே பார்க்கப் போவதில்லை. நீளத்தைக் கீழே ஏன் கூட்ட வேண்டும்?

"அம்மா, மேலே. மேலே கூட்டுவம். முழுப் பாவாடையையும் கீழே இறக்கிப்போட்டு, இடுப்பில வேற துணி."

"இறக்கினால் ஒடுக்கமெல்லோ? இடுப்புக்கு வெட்டினது தொடைக்கு ஏறுமே?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு துண்டின் உச்சியிலும் மடிப்புக்கென்று நாலு சென்ரிமீற்றர். மடிப்புகளைப் பிரித்தால் பதினாலு ஏழு தொண்ணூற்றெட்டு. அக்காவின் அளவு எண்பத்தாறு. தாராளம். நான் கணக்கைச் சத்தமாகச் சொல்லி முடிக்கமுன் அம்மா பிளேட்டை எடுத்துவிட்டார். அம்மா தையல் பிரிக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இடுப்புக்கு என்ன துணி என்று நான் தேட, அம்மா அறைக்குள் போய் ஒரு பச்சை உள்பாவாடையோடு வந்தார். தனது. மேல் பக்கம் ஏற்கெனவே இடுப்புக்கும் தொடைக்கும் சரியான வளைவில், நாடாவும் கோத்து, திறப்பும் வைத்து இருந்தது. "இதை வெட்டு" என்றார். வெட்டினேன். அம்மா பெரிய ஆள், அக்கா சின்ன ஆள். மிச்சத்தை நாடா இழுத்துக்கொண்டது. பச்சையின் அடியில் சிவப்பைப் பொருத்தி, சிப்பையும் கொக்கியையும் கழற்றி இரண்டு திறப்பையும் ஒன்றாக்கி, நான் மெசினை மிதிக்க அம்மா துணியைப் பிடித்தார். அக்கா உள்ளங்கியோடும் குதிச் சப்பாத்தோடும் பெட்ஷீட்டில் நின்றபடி எங்களுக்கு வடை ஊட்டினார். மெசின் ஓடிய ஓட்டத்தில் வீடே அதிர்ந்தது. அந்த மூன்று மணித்தியாலத்தில் நான் பயப்பட்டேனா என்று யாராவது கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன். எனக்கு உள்ளுக்குள் பாட்டுப் பாடவேண்டும்போல இருந்தது.

அப்பா காரை மண்டப வாசலில் நிறுத்தியபோது மூன்றுக்கு ஐந்து நிமிடம்.

அக்கா ஆடினார். நான் மேடையின் கீழே, மூச்சை விடாமல் நின்றேன். சிவப்பு விளிம்பு நிலத்தில் படாமல் பட்டுக்கொண்டு போனது. ஒரு இடத்தில் இசை நின்று, அவர் இரண்டு விரலால் ஓரத்தைத் தூக்கினார். கறுப்புச் சப்பாத்தின் நுனி ஒரு கணம் தெரிந்து மறைந்தது. மண்டபம் முழுக்கக் கை தட்டியது. அம்மா என் காதுக்குள் குனிந்து, இவ்வளவு சனத்துக்கு முன்னால் தன் உள்பாவாடை ஆடுகிறது என்பதை ஒருவருக்கும் சொல்லிப்போடாதே என்றார்.

ரீச்சர் முன் வரிசையில் இருந்தார். ஆட்டம் முடிந்து அக்கா உடுப்பு மாற்றியதும், பக்கத்து அறை மேசையில் பாவாடையை வைத்து, வழக்கம்போல உட்புறத்தை வெளியே புரட்டினார். பச்சை நிற இடுப்பும் வெள்ளை நாடாவும் வெளியே வந்தன. இது என்ன என்று கேட்டார்.

பொய் என் நாக்கில் தயாராக இருந்தது. பயணம் போய் உருமாறிய பாவாடை என்பதுதானே பாடம். ஸ்பெயினிலிருந்து மணிலாவுக்குப் போனது சிட்னியில் எங்கள் உள்பாவாடையைச் சந்தித்தது, அப்படித்தான் வடிவமைத்தேன் என்று சொன்னால் ரீச்சர் மெச்சியிருப்பார். நல்ல புள்ளியும் கிடைத்திருக்கும். அம்மா பக்கத்தில் நின்றார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. அன்று காலையில் தன் பாவாடையை என் கத்தரிக்கோலுக்குத் தந்தவர்.

நான் படிவத்தை எடுத்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தேன். பூச்சியம் என்று எழுதிவிட்டேன் என்றேன். ரீச்சர் ஏன் என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குள் யாரும் சப்பாத்தோடு வருவதில்லை, அதனால் எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை என்றேன். பிறகு காலையில் நடந்ததையெல்லாம், மடிப்பைப் பிரித்த கணக்கையும் சேர்த்து, ஒரே மூச்சில் சொன்னேன்.

ரீச்சர் நாடாவை இழுத்துப் பார்த்தார். பச்சையும் சிவப்பும் சேரும் தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு தன் பேனையை என்னிடம் நீட்டி, கட்டத்தைத் திருத்தச் சொன்னார். பூச்சியத்தை ஒரு கோட்டால் வெட்டி, ஏழரை என்று எழுதினேன். அளவெடுப்புக்குப் புள்ளி குறைப்பேன் என்றார். திருத்தியதற்கு முழுப் புள்ளி தருவேன் என்றார். அடுத்த வருடம் உன்னை இந்த வகுப்பில் பார்க்க எனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னார். பாடத்தில் சித்தியடைந்துவிட்டேன் என்று எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"பாஸ்."

"உனக்கோ, பாவாடைக்கோ?"

"ரெண்டுக்கும்."

அம்மா பாவாடையைத் தன் பக்கம் இழுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பச்சையைக் கழற்றிவிட்டு, ஒழுங்கான சிவப்பு இடுப்பு வைத்துக் கொடுப்போம் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். இரண்டு கோப்பை நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா, பாவாடையை அம்மாவின் கையிலிருந்து மெல்ல வாங்கி, மடித்துத் தன் பைக்குள் வைத்தார். பழைய ஸாயா இடுப்பில் ஏறாமல் போனது கொக்கியால்தான், இதில் நாடா இருக்கிறது, இனி எவ்வளவு சாப்பிட்டாலும் பயமில்லை என்றார்.

அதை நான் தமிழில் சொன்னதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காரில் ஏறும்வரை சிரித்தார். பிறகு, தனக்கு இப்போது ஒரு உள்பாவாடை குறைகிறது, நாளைக்கே தைக்க வேண்டும் என்றார். நான் தைத்துத் தருகிறேன் என்றேன்.

"ஆறு துண்டு காணும், ஏழு வேண்டாம். அளவெடுக்கிறன் எண்டு கட்டம் போட்ட கடதாசியைத் தூக்கிக்கொண்டு வராதை" என்றார் அம்மா.